சோழ உலகங்கள் எத்தனை? – ஒரு பி.காம். மாணவனின் கணக்கு

போன மாதம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு சண்டை. விஷயம் பழையதுதான்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

நாவலை மூன்று முறை படித்தவன் ஒரு பதில் சொன்னான். நாவல் பக்கமே போகாமல் படம் மட்டும் பார்த்தவன் வேறு பதில் சொன்னான். ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் நண்பன் ஒருவன், "ரெண்டும் தப்பு, கல்வெட்டுல பேரே இருக்கு" என்றான். ராத்திரி ஒரு மணி வரை கத்தினார்கள். மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். எல்லாரும் ஒற்றுமையாக ஊற்றிக்கொண்டோம்.

படுக்கையில் புரண்டபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேரும் மூன்று வேறு வேறு உலகங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் அவனவன் உலகத்தில் சரி.

அமெரிக்க காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். டிசி கம்பெனி 1961-இல் ஒரு கதையில் பழைய ஃப்ளாஷையும் புதிய ஃப்ளாஷையும் சந்திக்க வைத்தது. இருவரும் வேறு வேறு பூமிகளில் வாழ்கிறார்கள் என்று காரணம் சொன்னது. அதற்குப் பிறகு பூமிகள் பெருகிப்போய், 1985–86-இல் ஒரு பெரிய தொடர் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டியதாயிற்று. மார்வெல் தன் முக்கியமான உலகத்துக்கு 616 என்று நம்பரே வைத்திருக்கிறது. ரசிகர்கள் உட்கார்ந்து, எந்தச் சம்பவம் எந்த நம்பர் உலகத்தில் நடந்தது என்று லெட்ஜர் போட்டுப் பிரிக்கிறார்கள்.

நமக்கும் பத்தாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் அப்படித்தான் ஆகிவிட்டது. லெட்ஜர்தான் இல்லை. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. வரலாற்று மாணவர்கள் மன்னிக்கவும். நான் வணிகவியல். எனக்குத் தெரிந்தது தலைப்பு வாரியாகப் பிரிப்பது ஒன்றுதான் :-)

பிரித்துப் பார்த்தால்

உலகம் 1, கல்வெட்டு. அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டியது. பேச்சு குறைவு, நிலக்கணக்கு அதிகம்.

உலகம் 2, செப்பேடு. ராஜேந்திர சோழனின் 6-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முக்கியமானவை. அதாவது 1018-ஐ ஒட்டிய காலம். மொத்தம் 31 ஏடுகள், 1905-இல் கிடைத்தன. இதில் வடமொழிப் பகுதி ஒன்று சோழர் குடும்பத்தின் கதையைச் சொல்கிறது.

உலகம் 3, ஆராய்ச்சியாளர்கள். இதிலேயே இரண்டு கிளை. நீலகண்ட சாஸ்திரி, கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது என்று எழுதினார் (3-அ). சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்து, உத்தம சோழன் மேல் பழி போடக்கூடாது என்று வாதிட்டார் (3-ஆ).

உலகம் 4, கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன். நம்மில் பெரும்பாலோர் மனதளவில் குடியிருப்பது இங்கேதான். கல்கிக்குப் பிறகு அதே கதையைத் தொடர்ந்து விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகியை 4-அ என்று வைக்கலாம்.

உலகம் 5, பாலகுமாரனின் உடையார். ராஜராஜன் பெரிய கோயில் கட்டும் காலம். கல்கியின் ஆட்கள் இங்கே வந்தால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது.

உலகம் 6, மணிரத்னத்தின் இரண்டு படங்கள் (2022, 2023). கல்கியிலிருந்து கிளைத்து, முடிவில் வேறு பக்கம் போகிறது.

உலகம் 7, செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன் (2010). 1279-இல் முடிந்துபோன சோழர்கள் முடியாமல் எங்கேயோ ஒளிந்து வாழ்கிறார்கள். சுத்தமான இணை உலகம் என்றால் இதுதான்.

உலகம் 8, கணினி விளையாட்டு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 2022-இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர்கள் ஒரு தரப்பு. அதில் ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு தொடர் ஆட்டம் இருக்கிறது. 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7'-இல் சோழர் தனி நாகரிகமாகவே இருக்கிறார்கள்.

பிரியும் இடம்

இந்த உலகங்களில் பல ஒரே ஒரு நாளில்தான் கிளை பிரிகின்றன. 970-ஐ ஒட்டி ஒரு நாள். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்ட நாள்.

இதற்கான கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. கும்பகோணத்தில் பஸ் ஏறி, அணைக்கரை வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்திலேயே வீராணம் ஏரி. கல்கி தன் கதையை ஆடிப்பெருக்கன்று தொடங்கிவைத்த அதே ஏரிக்கரை. கொலையின் கல்வெட்டும் கதையின் முதல் காட்சியும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

கல்வெட்டில் இருக்கும் பெயர்கள்: சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேசுவரன். கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அவர்களைக் குறிப்பிடுகிறது. கல்கி படித்தவர்களுக்கு ரவிதாசன் என்ற பெயரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போடும். எனக்கும் போட்டது.

நான் எதிர்பார்த்தது ஒரு கொலைக் கதை. ஆனால் அந்தக் கல் கொலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசவில்லை. எப்படி, ஏன், எந்த அறையில் என்று எதுவும் கிடையாது. மீதியெல்லாம் சொத்துக் கணக்கு. குற்றவாளிகள், அவர்கள் உறவினர்கள் ஆகியோரின் சொத்துக்களை எடுத்துக்கொள்ளும்படி அரசன் ஆணை. அப்படி வந்த நிலம் விலைக்குப் போகிறது. வாங்கியவர் அதைக் கோயில் தர்மத்துக்குக் கொடுக்கிறார். அவ்வளவுதான். தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான கொலை வழக்குக்கு நம்மிடம் இருக்கும் சாட்சி ஒரு தானப் பத்திரம்!

இந்தக் கல்வெட்டு ராஜகேசரி ஒருவரின் 2-ஆவது ஆட்சியாண்டில் வெட்டியது. அந்த ராஜகேசரி ராஜராஜன் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். அப்படியானால் அது 986–87 வாக்கில். கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் பதினைந்து வருடத்துக்கு மேல் இடைவெளி. நடுவில் ஆண்டவர் உத்தம சோழன். சாஸ்திரிக்குச் சந்தேகம் வந்ததும் இந்த இடைவெளியால்தான்.

பிரியாத இடம்

எட்டு உலகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கொலையாளி மாறுகிறான், காரணம் மாறுகிறது. உத்தம சோழன் யார் என்பதே மாறுகிறது. கல்கியில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் உண்மையான வாரிசு இல்லை, பூக்கைங்கர்யம் செய்துகொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் வாரிசு. படத்தில் இந்த ஆள்மாறாட்டம் கிடையாது.

மாறாத ஒன்று உண்டு. அண்ணன் இறந்த பிறகு சிம்மாசனம் தனக்கு வரும் நிலையில், அருள்மொழி விலகி நின்று, முறைக்குச் சித்தப்பாவான உத்தம சோழனுக்கு வழிவிட்டார். கல்கி தன் ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பெயர் வைத்ததே இதற்காகத்தான். இது கற்பனையும் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது: மக்கள் அருள்மொழியை அரசேற்கும்படி வேண்டினார்கள், சித்தப்பாவுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும் வரை தான் அதை மனதாலும் விரும்பவில்லை என்று அவர் இருந்துவிட்டார். உத்தம சோழனும் பதிலுக்கு அருள்மொழியை இளவரசனாக்கினார்.

இங்கே என் விளையாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடாதவர்களுக்காக: உணவு, மரம், தங்கம், கல் சேர்த்து ஊர் கட்டிப் படை திரட்ட வேண்டும். கூட்டாக ஆடும்போது, சந்தை கட்டிவிட்டால், நம்மிடம் இருப்பதைக் கூட்டாளிக்கு அனுப்பலாம். சும்மா இல்லை, அனுப்புவதற்குக் கட்டணம் பிடிப்பார்கள். 'காயினேஜ்' ஆராய்ந்தால் கட்டணம் குறையும், 'பேங்கிங்' ஆராய்ந்தால் இல்லாமலே போகும். (பி.காம். சிலபஸில் இதைச் சேர்த்தால் நாங்கள் எல்லாரும் பாஸ்.) தேவை என்றால் கேட்கவும் வழி உண்டு. அரட்டையில் 3 என்று அடித்தால் உணவு தேவை என்று ஒரு குரல் கேட்கும். 5 அடித்தால் தங்கம்.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவருடன் ஒரே அணியில் மாட்டினேன். பதினைந்து நிமிடத்தில் என் ஊர் பாதி எரிந்துவிட்டது. 3 அடித்தேன், 5 அடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அனுப்பிக்கொண்டே இருந்தார். தன் படையைக் கூட வளர்க்காமல் அனுப்பினார். கடைசியில் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் வரும். என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே. பொருளாதாரம் என்ற பக்கத்துக்குள் போனால், யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று தனிப் பத்தி இருக்கிறது. யாரும் அதைத் திறப்பதில்லை. நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்தேன்.

அந்தப் பத்தியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி சோழர் கணக்குக்கு வந்தேன். கொடுத்தவர்கள் பட்டியலில் அருள்மொழி பெயர் இருக்கிறது. சரி. ஆனால் அவர் கொடுத்தது என்ன ஆயிற்று? 985-இல் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலம் பதினைந்து வருடம். வணிகவியல் பாஷையில் சொன்னால், இது நீண்ட கால முதலீடு. முதல் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. வட்டியாக ஆயிரம் வருடப் புகழ். நான் அவரைக் குறை சொல்லவில்லை. விலகாமல் வாளைத் தூக்கியிருக்கலாம். உள்நாட்டுச் சண்டையில் நம் காவிரிக்கரை நாசமாகியிருக்கும். அதைச் செய்யாமல் இருந்தது பெரிய காரியம்.

ஆனால் திரும்பி வராத ஒன்றைக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்.

மூன்றாவது ஆட்டக்காரர்

உத்தம சோழனுக்கு ஒரு மகன் உண்டு. பெயர் மதுராந்தகன் கண்டராதித்தன். அப்பா அரசர். அப்பாவுக்குப் பின் மகன் என்பது உலக வழக்கம். ஆனால் பட்டம் அவருக்கு வரவில்லை, ராஜராஜனுக்குப் போனது. தாத்தா கண்டராதித்தர் அரசர், அப்பா அரசர், இவர் அரசர் இல்லை.

அப்புறம் என்ன செய்தார்? வேறு நாட்டில் இப்படி ஒரு இளவரசன் படை திரட்டியிருப்பான், அல்லது சிறையில் கிடந்திருப்பான். இவர் ராஜராஜனின் ஆட்சியில் அதிகாரியாகிறார். கோயில்களின் நிர்வாகத்தை விசாரிக்கும் வேலை. ஊர் ஊராகப் போய்க் கோயில் கணக்குகளைப் பார்த்து, தவறு செய்தவர்களைத் தண்டித்து, தர்மப் பணம் வீணாகாமல் பார்த்துக்கொண்டார் என்று கல்வெட்டுகளிலிருந்து தெரிகிறது. நம் பாஷையில் ஆடிட்டர்! தனக்கு வந்திருக்க வேண்டிய ராஜ்ஜியத்தில் தானே கணக்குப் பார்த்தவர்.

நான் படித்த, பார்த்த, ஆடிய எட்டு உலகங்களில் ஒன்றில்கூட இவர் நாயகன் இல்லை. தியாகம் என்றால் அருள்மொழி. விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு ஜெயித்தவரைத்தான் நமக்குப் பிடிக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டு அப்படியே நின்றவருக்கு நாம் கதை எழுதுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அருள்மொழி மனமுவந்து கொடுத்தார் என்று சொல்லும் செப்பேட்டை வெளியிட்டது யார்? அவர் மகன் ராஜேந்திரன். சம்பவம் நடந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. உத்தம சோழன் தாமாக அருள்மொழியை இளவரசனாக்கினார் என்று சொல்வதும் அதே ஏடுதான். பட்டம் பெற்றுக்கொண்ட கிளையே கொடுத்தவர்களின் மனதையும் எழுதி வைத்திருக்கிறது. கண்டராதித்தன் பக்கத்திலிருந்து ஒரு ஏடும் இல்லை.

பெரிய கோயிலில் ராஜராஜன் செய்தது இதற்கு நேர் எதிர். தன் 26-ஆவது ஆட்சியாண்டில் ஓர் ஆணை போட்டார். தான் கொடுத்தது, தன் அக்கன் குந்தவை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னார். அதன்படி பொன் எத்தனை கழஞ்சு, ஆடு எத்தனை, எல்லாம் வெட்டினார்கள். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அதற்குத் தினம் ஓர் உழக்கு நெய். கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கினால் ஒரு காசுக்கு வருடத்துக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி, அதாவது 12.5 சதவீதம். கொடுத்தவர் பெயர், தொகை, நிபந்தனை எல்லாம் சாட்சியோடு இருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து நான் போய்த் தடவிப் பார்க்கிறேன், இன்னும் இருக்கிறது.

நாமும் இந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. நான் பொன்னியின் செல்வனை முதலில் படித்தது புத்தகமாக இல்லை, இணையத்தில். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்களையும் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டு வருகிறார்கள். மின்னூலின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர்கள், பிழை திருத்தியவர்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருப்பார்கள். நான் அதைத் தாண்டி நேராகக் கதைக்கு ஓடியவன். இப்போது அந்தப் பெயர்களைப் படிக்கிறேன்.

கடைசிக் கணக்கு

இதையெல்லாம் யோசித்ததற்கு உண்மையான காரணம் வேறு. சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. தாத்தா போன பிறகு பங்கு பிரித்தார்கள். அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேர். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் வந்துவிட்டது. அதனால் அத்தையின் கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. ஒருநாள் எல்லாரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம். நான் அப்போது பிளஸ் டூ. அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், கைநாட்டும் வைத்தார். வெளியே வந்து எல்லாருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்தார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரே வரிதான்: "அவளே மனசார எழுதிக் குடுத்துட்டா." பத்திரத்திலும் மனப்பூர்வமான சம்மதத்துடன் என்றுதான் இருக்கிறது. என் காலேஜ் ஃபீஸ் அந்த நிலத்து நெல்லில்தான் கட்டப்படுகிறது.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, கண்டராதித்தன் கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். முடித்ததும் கேட்டுவிட்டேன்:

"அத்தை, அன்னிக்கு நீங்க மனசாரத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் தம்பி. யாரும் கேக்கல. பேப்பரை நீட்டுனாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. விளையாட்டில் 3 அடித்துக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, வீட்டில் கேட்கத் தெரியவில்லை. அத்தையின் கொடுக்கும் மனசு உண்மை. பத்திரத்தில் இருப்பது உண்மையா என்றால், அது எங்கள் பக்கத்துச் செப்பேடு. அத்தையின் உலகத்தில் அதே நாள் வேறு மாதிரி நடந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. தாளடி அறுப்பு முடிந்ததும் இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மூட்டையில் இந்தக் கணக்கு தீராது என்பது பி.காம். படிக்காத அப்பாவுக்கும் தெரியும்.

ஹாஸ்டலில் இன்னமும் கொலை வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எந்த உலகத்துக்காரர் என்று சொல்லுங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். கூடவே, உங்கள் வீட்டில் "மனசார எழுதிக் குடுத்தவர்" யாராவது இருந்தால், ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.